எபிசோட் 47: தனியா ஒரு டம்ளர் டீ

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன எபிசோட்ல நோட்டீஸ் பீரியட் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த வாய்ஸ் நோட் எல்லாத்தையும் கேட்டேன். பாதிப் பேர் அழாத குறையா அனுப்பியிருக்கீங்க. அதனால இந்த வாரம் கொஞ்சம் லேசான விஷயம். டீ. அதுவும் மத்தியானத்துக்கு மேல, வீட்ல, தனியா உக்காந்து குடிக்கிற டீ.

"இதுக்கெல்லாம் ஒரு எபிசோடாடா?"ன்னு ஃப்ரெண்ட் கேட்டான். நானும் ஜாலியா முடிஞ்சிரும்னுதான் நினைச்சேன். ஆனா குறிப்பு எழுத எழுத, இந்த டீ விஷயத்துல நான் வீட்ல பண்ண ஒரு தப்பு ஞாபகத்துக்கு வந்துச்சு. அதையும் சொல்றேன், ஆனா கடைசில. முதல்ல அடுப்பைப் பத்த வைப்போம்.

பேன்ட்ரில இருந்து அடுப்படிக்கு

புதுசா கேக்குறவங்களுக்காக: நான் இப்ப இருக்கிறது திருவேங்கடம். திருப்பதி இல்லைங்க. பழைய தமிழ்ல அதுக்கும் இதே பேர்தான், அதனால ஆபீஸ்ல லொக்கேஷன் சொன்னா, "லட்டு கொண்டு வா"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். இது சங்கரன்கோவிலுக்குக் கிழக்க இருக்கிற திருவேங்கடம். 2019 வரைக்கும் திருநெல்வேலி மாவட்டம், இப்போ தென்காசி மாவட்டம். கரிசல் மண், பருத்தி, மக்காச்சோளம், தீப்பெட்டி ஆபீஸ். மூணு மணி வெயில்ல தெருவுல ஒரு நாய்கூட நடக்காது.

இதுக்கு முன்னாடி அஞ்சு வருஷம் பெங்களூர். அங்க டீன்னா பேன்ட்ரில ஒரு மெஷின். பட்டனை அமுக்குனா சர்ருன்னு ஒரு பேப்பர் கப் ரொம்பும். ஒரு நாளைக்கு நாலு கப் குடிச்சிருப்பேன். ஆனா ஒரு கப்போட ருசியாவது ஞாபகம் இருக்கான்னு கேட்டா, இல்ல. ஒரு கையில கப், இன்னொரு கையில மவுஸ். பாதி ஆறிப்போய் சிங்க்ல போயிரும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒர்க் ஃப்ரம் ஹோம்னு ஊருக்கு வந்தேன். முதல் வருஷம் என்ன மாறுச்சுன்னு நினைக்கிறீங்க? மெஷினுக்குப் பதிலா அம்மா. அவ்வளவுதான். நாலு மணிக்கு மாடியேறி வந்து லேப்டாப் பக்கத்துல டம்ளரை வச்சிட்டு, சத்தமில்லாமப் போயிருவாங்க. நான் கால்ல இருப்பேன். ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா மேல ஆடை படிஞ்சு கிடக்கும்.

அப்புறம் ஒரு நாள், மாசாந்திர பராமரிப்புன்னு கரண்ட் இல்ல. அம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாங்க. அப்பா கடையில. மோடம் செத்துப்போச்சு, லேப்டாப்ல பத்து பெர்சன்ட். வேற வழியில்லாம அடுப்படிக்குப் போய் எனக்கு நானே டீ போட்டேன். பின்வாசப்படில, வேப்பமர நிழல்ல உக்காந்து குடிச்சேன். போன் உள்ள கிடந்துச்சு. அந்தப் பதினஞ்சு நிமிஷத்துல என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. நானும் யாருக்கும் பதில் சொல்லல. டீ சுமாராத்தான் இருந்துச்சு, சர்க்கரை ஜாஸ்தி. ஆனா ரொம்ப நாளைக்கு அப்புறம் ஒரு டீயை முழுசாக் குடிச்ச மாதிரி இருந்துச்சு.

அன்னைக்கு ஆரம்பிச்ச பழக்கம்தான் இது.

ஏன் அந்த நேரம், ஏன் கடை இல்ல

மத்தியானம் ஒரு மணிக்கு மேல நமக்கு ஒரு சோர்வு வரும் இல்லையா? சாப்பாடுதான் காரணம்னு சொல்லுவோம். பாதிதான் உண்மை. சாப்பிடாம இருந்தாலும் அந்த நேரத்துல உடம்பு கொஞ்சம் கீழ இறங்கும். உடம்புக்குள்ள ஓடுற கடிகாரத்தோட வேலை அது. அதனால மூணு, நாலு மணிக்கு டீ கேக்குறது வெறும் பழக்கதோஷம் இல்ல.

ஆனா ஒரு கணக்கு வச்சுக்கோங்க. உடம்புல போன கஃபீன்ல பாதி குறையவே சராசரியா அஞ்சு மணி நேரம் ஆகும். நாலு மணிக்குக் குடிச்சதுல பாதி ஒன்பது மணிக்கும் உள்ள இருக்கும். ஏழு மணிக்கு ரெண்டாவது டீ குடிச்சிட்டு, ராத்திரி ஒரு மணிக்கு "தூக்கம் வரல"ன்னு ஸ்டேட்டஸ் போடாதீங்க. அதே மாதிரி சாப்பிட்ட கையோட டீ வேண்டாம். காய்கறி, பருப்புல இருந்து வர்ற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கிறதை டீ தடுக்கும். ரத்தசோகை இருக்கிறவங்க கண்டிப்பா ஒரு மணி நேரமாவது இடைவெளி விடணும்.

சரி, டீதானே, கடைக்குப் போக வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. போகலாம். எங்க ஊர்ப்பக்கம் டீக்கடை டீ பிரமாதமா இருக்கும். ஆனா அங்க தனியாக் குடிக்க முடியாது. பெஞ்சுல உக்காந்த உடனே, "என்ன தம்பி, வேலை இருக்கா, போயிருச்சா?" அதுக்குப் பதில் சொன்னா, "அப்ப ஏன் வீட்லயே இருக்க?" அதையும் விளக்கிச் சொன்னா, "கல்யாணம் எப்ப?" ஒரு கிளாஸ் டீக்கு மூணு இன்டர்வியூ ரவுண்டு.

நான் சிரிச்சிட்டுச் சொல்றேன், ஏன்னா எனக்கு அந்த பெஞ்சுல இடம் இருக்கு. எங்க தென் மாவட்டக் கடைகள்ல இரட்டைக் குவளைன்னு ஒண்ணு இருந்துச்சு. சாதி பாத்து, சில பேருக்குத் தனி கிளாஸ். அந்த பெஞ்சு எல்லாருக்கும் பொதுவா இருந்ததே இல்ல. அப்புறம் இன்னொண்ணு: எங்க ஊர் டீக்கடைல ஒரு பொம்பள தனியா நின்னு டீ குடிச்சு நான் பாத்ததே அபூர்வம். இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

இப்ப டீ போடுவோம்

ஒரு ஆளுக்கு டீ போடுறது நாலு பேருக்குப் போடுறதைவிடக் கஷ்டம். அளவு கொஞ்சம் தப்புனாலும் கசந்துரும், இல்லன்னா தண்ணியாயிரும். ரெண்டு வருஷமாப் போட்டுப் பாத்து என் கைக்கு வந்த கணக்கு இது.

முதல்ல ஒரு டம்ளர் எடுத்துக்கோங்க. எதுல குடிக்கப் போறீங்களோ அதுதான் அளவு. அதுல அரை டம்ளர் தண்ணி, அதோட ஒரு ரெண்டு வாய் கூட. கொதிக்கும்போது வத்திரும்ல, அதுக்கு. ஒரு சின்னத் துண்டு இஞ்சியைத் தட்டித் தண்ணில போடுங்க. கவனம், பால்ல இல்ல, தண்ணில. பச்சை இஞ்சில பாலைத் திரிய வைக்கிற ஒரு நொதி இருக்கு. தண்ணில கொதிச்சா அது அடங்கிரும். "இஞ்சி டீ போட்டேன், திரிஞ்சு போச்சு"ன்னு சொல்றவங்க எல்லாம் இங்கதான் கோட்டை விடுறீங்க.

தண்ணி நல்லாக் கொதிச்சதும் ஒரு டீஸ்பூன் டீத்தூள். ரெண்டு நிமிஷம். நிறம் இறங்கினதும் அரை டம்ளர் பால். பொங்கி மேல வரும், தீயைக் குறைங்க, இன்னொரு தடவை பொங்க விடுங்க. வடிகட்டி, கொஞ்சம் உயரத்துல இருந்து ரெண்டு ஆத்து ஆத்துங்க. டீ மாஸ்டர் மாதிரி ஒரு மீட்டர் எல்லாம் வேண்டாம். நான் முயற்சி பண்ணி கால்ல ஊத்திக்கிட்டேன்.

சர்க்கரைக்குப் பதிலாக் கருப்பட்டி போடுறவங்க, அடுப்பை அணைச்சுக் கொஞ்சம் சூடு இறங்கினதும் போடுங்க. கொதிக்கிற பால்ல போட்டாத் திரியுற வாய்ப்பு அதிகம். தொட்டுக்க என்னன்னு கேட்டா, நான் குடுத்து வச்சவன். ஒரு பக்கம் சாத்தூர் காராச்சேவு, இன்னொரு பக்கம் கோவில்பட்டி கடலை மிட்டாய். 2020ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய் அது. ஆனா ஒண்ணு மட்டும் எடுத்துக்கோங்க. பாக்கெட்டோட போய் உக்காந்தா டீ ஆறிரும், பாக்கெட் காலியாயிரும்.

மொத்தம் எட்டு நிமிஷம். அந்த எட்டு நிமிஷமும் அடுப்புப் பக்கத்துலயே நில்லுங்க. பால் பொங்குற நேரத்துல போனைப் பாக்க முடியாது. டீ போடுறதுல எனக்கு ரொம்பப் பிடிச்சதே அதுதான்.

டப்பாவுக்குள்ள இருக்கிறது

அந்த டீத்தூள் ஏன் பொடிப்பொடியா உருண்டையா இருக்குன்னு யோசிச்சிருக்கீங்களா? அதுக்குப் பேரு சிடிசி. இலையைப் பல்லு வச்ச உருளைகளுக்கு நடுவுல விட்டு நசுக்கி, கிழிச்சு, சுருட்டுற முறை. 1930கள்ல அஸ்ஸாம்ல வந்துச்சு. இலை சின்னதானா சாறு சீக்கிரம் இறங்கும், கொஞ்சம் தூள்லயே நிறையக் கிடைக்கும், பால் ஊத்துனாலும் நிறம் நிக்கும். நம்ம டீயோட ருசியே அந்த மெஷின் குடுத்ததுதான்.

டீ ஏதோ ஆயிரம் வருஷப் பாரம்பரியம் மாதிரி பேசுறோம் இல்ல? எங்க ஆச்சியோட ஆச்சிக்கு டீ தெரிஞ்சிருக்காது. தேயிலைக்கு விளம்பரம் பண்றதுக்காகவே 1903ல ஒரு வரிச் சட்டம் போட்டாங்க. அந்த வரிப் பணத்துல பிரச்சாரம் பண்ணி, சந்தைலயும் திருவிழாலயும் இலவசமா டீ போட்டுக் குடுத்துத்தான் நம்ம ஆளுங்களைப் பழக்குனாங்க. 'முதல் ஒரு மாசம் ஃப்ரீ'ங்கிற ஐடியாவை நம்ம ஸ்டார்ட்அப் ஆளுங்க கண்டுபிடிக்கல.

அந்தத் தேயிலை எங்க பழைய மாவட்டத்துலயே விளைஞ்சுச்சு. மணிமுத்தாறு அணைக்கு மேல மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929ல 99 வருஷக் குத்தகைக்கு பாம்பே பர்மா கம்பெனி எடுத்த காடு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு வரிசையா எஸ்டேட். தலைமுறை தலைமுறையா அங்க இலை பறிச்சவங்க இருந்தாங்க. 1999 ஜூலை 23, அந்தத் தொழிலாளர்களோட கூலிப் பிரச்சினைக்காகத் திருநெல்வேலில ஒரு ஊர்வலம் போச்சு. போலீஸ் தடியடி, ஓடினவங்க தாமிரபரணி ஆத்துல விழுந்தாங்க. 17 பேர் செத்துப் போனாங்க. 2028ல முடிய வேண்டிய குத்தகை. ஆனா 2024லயே எஸ்டேட் வேலையை நிறுத்திட்டாங்க. அந்த மலையிலயே பிறந்து வளந்தவங்க கீழ இறங்க வேண்டியதாப் போச்சு.

இதைச் சொல்லி உங்க டீயைக் கசப்பாக்கணும்னு இல்ல. தனியா உக்காந்து குடிக்கிறோம், ஆனா அந்த டம்ளர் வரைக்கும் டீயைக் கொண்டு வந்த கைகள் நிறைய. என் வீட்லயும் அப்படி ரெண்டு கை இருந்துச்சு. அதைப் பாக்கத்தான் எனக்கு ரொம்ப நாளாச்சு.

நான் பண்ண தப்பு

இந்தக் கதையை அம்மாகிட்டக் கேட்டுட்டுத்தான் சொல்றேன். "இதையெல்லாம் யாருய்யா கேப்பா?"ன்னாங்க. கேப்பாங்கம்மான்னு சொல்லியிருக்கேன். மானத்தைக் காப்பாத்துங்க.

தனியா டீ குடிக்கிறது எனக்கு நல்லா இருந்துச்சா, ஆறு மாசம் கழிச்சு எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்துச்சு. அம்மா பாவம், கல்யாணமான நாள்ல இருந்து எல்லாருக்கும் டீ போட்டுக் குடுத்துட்டே இருக்காங்க. நாமதான் இப்ப போடக் கத்துக்கிட்டோமே. இனிமே மூணு மணிக்கு நானே கீழ போய் ரெண்டு டீ போட்டு, அம்மாவை உக்கார வச்சு, சேர்ந்து குடிப்போம்.

ரெண்டு வாரம் பண்ணேன். அம்மா உக்காருவாங்க. பாதி டம்ளர் குடிப்பாங்க. நான் ஆபீஸ் கதை சொல்லுவேன், "அப்படியா, அப்படியா"ன்னு கேப்பாங்க. நான் என்னமோ பெரிய சாதனை பண்ண மாதிரி மாடிக்குப் போவேன்.

மூணாவது வாரம் ஒரு நாள், ரெண்டே முக்கால் மீட்டிங் கேன்சல். தண்ணி குடிக்கலாம்னு சீக்கிரமே இறங்கி வந்தேன். பின்வாசல் திறந்திருந்துச்சு. எனக்கு நானே கண்டுபிடிச்ச இடம்னு நினைச்சேனே, அந்த வேப்பமரத்துப் படி, அங்க அம்மா உக்காந்திருந்தாங்க. கையில ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளர். பால் ஊத்தாத டீ. டிவி இல்ல, போன் இல்ல, கையில வேலை எதுவும் இல்ல. சும்மா எதிர்ல இருக்கிற சுவரைப் பாத்துட்டு இருந்தாங்க. முகம் அவ்வளவு நிதானமா இருந்துச்சு. நான் அப்படி ஒரு முகத்தை அம்மாகிட்டப் பாத்ததே இல்ல.

என் காலடி கேட்டுச்சு. டக்குன்னு எந்திரிச்சிட்டாங்க. டம்ளரைப் பின்னாடி மறைச்ச மாதிரி பிடிச்சிட்டு, "என்னய்யா, பசிக்கா?"

மக்களே, அந்த எந்திரிச்சது இருக்கே, அது இன்னும் என் கண்ணை விட்டுப் போகல. தப்பு பண்ணி மாட்டிக்கிட்ட பிள்ளை மாதிரி எந்திரிச்சாங்க. அவங்க வீட்ல, அவங்க படில.

விடாமக் கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாங்க. கல்யாணமாகி வந்த புதுசுல கூட்டுக் குடும்பம். மத்தியானம் பாத்திரமெல்லாம் கழுவி முடிச்சு, எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரம் வர்றதுக்குள்ள ஒரு கால் மணி நேரம் கிடைக்கும். அப்ப ஒரு டீ. பால் எல்லாருக்கும் கணக்கு, நாலு மணி டீக்கு வேணும், அதனால இதுக்குப் பால் கிடையாது. "பிறகு பால் தாராளமா வந்துருச்சு. ஆனா நாக்கு இதுக்குப் பழகிருச்சுய்யா. அந்த நேரத்துல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, அதான்"னாங்க.

முப்பது வருஷத்துக்கு மேல. அப்பாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மாடு போச்சு, கூட்டுக் குடும்பம் போச்சு, அந்த டீ மட்டும் இருந்துச்சு. நான் மூணு மணிக்குப் பாசமா டீ போட வந்ததும், அம்மா தன்னோட நேரத்தை ரெண்டரைக்கு மாத்தியிருக்காங்க. அது முடிஞ்சு எனக்காக மூணு மணிக்கு இன்னொரு அரை டம்ளர், என் ஆபீஸ் கதையோட. "ஏம்மா சொல்லல?"ன்னு கேட்டேன். "நீ ஆசையாப் போட்டுக் குடுத்தியே, எப்படிச் சொல்ல?"

"யாரும் எதுவும் கேக்கல"ன்னு நான் பெருமையாச் சொன்னேன்ல, அந்தக் கரண்ட் இல்லாத நாளைப் பத்தி? அம்மாவும் அதே வார்த்தையைத்தான் சொன்னாங்க. எனக்கு அது புதுசாக் கிடைச்ச சுகம். அவங்க முப்பது வருஷமா அதை ஒளிச்சு வச்சுக் காப்பாத்திட்டு இருந்திருக்காங்க.

ஒரு சீமாட்டியும் அதே நேரமும்

இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது ஒண்ணு கண்ணுல பட்டுச்சு. இங்கிலாந்துல 'ஆஃப்டர்நூன் டீ'ன்னு பீங்கான் கப், கேக், சாண்ட்விச் எல்லாம் வச்சுக் குடிப்பாங்களே, அதோட ஆரம்பமா வழக்கமாச் சொல்ற கதை 1840 வாக்குல நடக்குது. பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா. அந்தக் காலத்துல பெரிய வீடுகள்ல ராத்திரிச் சாப்பாட்டுக்கு எட்டு மணி ஆயிரும். நடுவுல வர்ற சோர்வுக்கு, அவங்க தன்னோட ரூமுக்கே ஒரு தட்டுல டீயும் கொஞ்சம் ரொட்டியும் கொண்டு வரச் சொன்னாங்களாம். அப்புறம் தோழிகளைக் கூப்பிட, அது விருந்தாச்சு, ஃபேஷனாச்சு. இன்னைக்குப் பெரிய ஹோட்டல்ல ஆயிரக்கணக்குல பில் போடுறாங்க.

கதை முழுசா உண்மையோ இல்லையோ, ஆரம்பத்துல இருக்கிறது என்னன்னு பாருங்க. ஒரு பொம்பள, கதவைச் சாத்திட்டு, தனியா ஒரு டீ. அந்தச் சீமாட்டிக்குத் தட்டு கொண்டு வர ஆள் இருந்துச்சு. அம்மாவுக்குப் பால்கூடக் கிடையாது. ரெண்டு பேர் கேட்டதும் ஒண்ணுதான்.

இப்ப எங்க வீட்டு ஏற்பாடு

அழுது சீன் எல்லாம் போடல. நாங்க அந்த டைப் குடும்பம் இல்ல. ரெண்டு நாள் யோசிச்சு மூணு விஷயத்தை மாத்தினேன்.

ஒண்ணு, ரெண்டரைல இருந்து மூணேகால் வரைக்கும் நான் கீழ இறங்குறதில்ல. காலண்டர்ல பிளாக் போட்டிருக்கேன், பேரு 'அடுப்படி மெயின்டனன்ஸ்'. டீம்ல ஒருத்தர்கூட இதுவரைக்கும் என்னன்னு கேக்கல. தண்ணி பாட்டிலை முன்னாடியே ரொப்பி வச்சுக்கிறேன்.

ரெண்டு, நாலு மணி டீ, வீட்டுக்கான டீ, அது என் வேலை. அம்மாவோட டீ முடிஞ்சதும் அடுத்த டீயைப் போட எந்திரிக்கணும்னா, அது ஓய்வு இல்ல, ரெண்டு வேலைக்கு நடுவுல ஒரு மூச்சு, அவ்வளவுதான். விருந்தாளி வந்தாலும் நான்தான் போடுறேன். முதல்ல சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாத்தாங்க. இப்ப, "தம்பி, சர்க்கரை கம்மியா"ன்னு ஆர்டர் போடுறாங்க.

மூணு, என்னோட தனி டீ அஞ்சரைக்கு மேல மொட்டைமாடில. கஃபீன் கணக்கு கொஞ்சம் இடிக்குது, அதனால தூள் பாதிதான். படியை அம்மாவுக்கே விட்டுட்டேன். குடிச்ச டம்ளர், சட்டி, வடிகட்டி எல்லாத்தையும் நானே கழுவி வச்சிடுறேன். நான் தனியா நிம்மதியாக் குடிச்ச டீயோட பாத்திரத்தை இன்னொருத்தர் தேச்சாங்கன்னா, அந்த நிம்மதில பாதி அவங்களோடது.

போன வாரம் ஒரு பார்சல் வந்துச்சு, கையெழுத்து போடணும். மூணு மணி. வேற வழியில்லாமக் கீழ வந்தேன். பின்வாசல் வழியா அம்மா என்னைப் பாத்தாங்க. இந்தத் தடவை எந்திரிக்கல. டம்ளரும் கையிலயேதான் இருந்துச்சு. கையெழுத்து போட்டுட்டு மேல வந்துட்டேன்.

சரி மக்களே, இந்த வாரம் உங்களுக்கு ரெண்டு வேலை. ஒரு நாளாவது உங்களுக்கு நீங்களே ஒரு டீ போட்டு, போனை உள்ள விட்டுட்டு, முழுசாக் குடிங்க. அப்புறம் உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஒரு நேரம் ஒளிஞ்சு கிடக்கான்னு பாருங்க. அம்மா, ஆச்சி, அக்கா, பிஜில கூட இருக்கிற ரூம்மேட், யாரா இருந்தாலும். கண்டுபிடிச்சா கூடப் போய் உக்காந்துராதீங்க. நான் பண்ண தப்பு அதுதான்.

உங்க டீ கதையை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள. அடுத்த எபிசோட் முதல் வீட்டு லோன் பத்தி. வயித்தெரிச்சல் கேரண்டி. அது வரைக்கும், வரட்டா.